செடி வளர்க்கும் மீன்தொட்டிக்கு ஏற்ற மூடி: அக்ரிலிக், பாலிகார்பனேட், கண்ணாடி – நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

சென்னையில் மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட, நீர்ச்செடிகள் வளர்க்கும் மீன்தொட்டி ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கிரிப்டோகோரைன், அனுபியாஸ், ரோட்டாலா ஆகிய நீர்ச்செடிகளினிடையே ஜீப்ரா டேனியோ மீன்கள் வளர்கின்றன. டேனியோ நன்றாகத் துள்ளும் மீன் என்பதால் மூடி கட்டாயம் தேவை. அக்ரிலிக், பாலிகார்பனேட் என்னும் இரு தெளிந்த பிளாஸ்டிக் தகடுகள், கண்ணாடி ஆகிய மூன்றையும் இதே தொட்டியில் அடுத்தடுத்துப் பயன்படுத்தியிருக்கிறேன்.

மூடி வாங்குவோர் முதலில் கேட்பது, எது அதிக வெளிச்சம் விடும் என்பதையே. புதிதாக இருக்கையில் அக்ரிலிக் ஏறத்தாழ 92 விழுக்காடும், சாதாரணக் கண்ணாடி 90 விழுக்காடும், பாலிகார்பனேட் 88 விழுக்காடும் ஒளியைக் கடத்துகின்றன. எல்.இ.டி. விளக்கைச் சற்றுக் கூட்டினாலே இந்த வேறுபாடு சரியாகிவிடும். வெளிச்சத்தை உண்மையில் தின்பது மூடியின் அடியில் படியும் உப்புக்கறைதான். மூடியில் முத்து முத்தாகக் கோக்கும் ஆவிநீரில் உப்பு கிடையாது. வடிகட்டியின் வாயிலிருந்தும், உடையும் காற்றுக்குமிழிகளிலிருந்தும் தெறிக்கும் துளிகள் காய்ந்தே வெள்ளைச் சுண்ணாம்பாகப் படிகின்றன. எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் போன்ற கடின நீரில் இது மிக விரைவாக நடக்கும். ஆகவே, அடிக்கடி தேய்த்துக் கழுவுவதைத் தாங்குமா என்பதையே நான் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

அக்ரிலிக் இந்த அளவுகோலில் தேறவில்லை. மென்மையான பொருள் என்பதால் தேய்க்கத் தேய்க்கக் கீறல் விழுந்து மங்குகிறது. அதைவிடப் பெரிய குறை வளைவது: ஈரத்தை உறிஞ்சி அடிப்பக்கம் விரிய, மேற்பக்கம் உலர்ந்தே இருப்பதால், 3 மி.மீ. தகட்டின் நடுப்பகுதி தண்ணீரை நோக்கித் தொய்ந்து ஓரங்கள் மேலெழுகின்றன. டேனியோ வெளியேற அந்த இடைவெளி போதும். திருப்பிப் போட்டால் சிறிது காலம் நிமிர்ந்திருந்து, மறுபடியும் தொய்கிறது.

பாலிகார்பனேட் இதைவிடக் குறைவாகவே நீரை உறிஞ்சுகிறது, எளிதில் உடையாது. ஆனால் கீறல் இதிலும் விழும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களை இதில் பயன்படுத்தவே கூடாது. பசுமைக்குடில்களுக்கு விற்கும் இரட்டைச் சுவர்த் தகடு (நடுவே குழல்கள் ஓடும் பாலிகார்பனேட்) இலேசானது, வளையாதது. எனினும் முனைகளை நன்கு அடைக்காவிட்டால் குழல்களுக்குள் ஈரம் புகுந்து பாசி வளரும், அதைச் சுரண்டி எடுக்க வழியில்லை.

இப்போது இருப்பது 5 மி.மீ. கண்ணாடி. முழு நீளத்துக்கு ஒரே துண்டாக வாங்கினால் ஏறத்தாழ 5 கிலோ எடை வரும் என்பதால், இரண்டாக வெட்டச் சொல்லி விளிம்புகளை மழுங்கத் தேய்த்து வாங்கினேன். வினிகரில் நனைத்த துணியைக் கறைமீது சற்று நேரம் போட்டுவைத்துப் பிளேடால் வழித்தால், மூடி புதிதுபோல் தெளிகிறது. பல ஆண்டுகள் கழிந்தும் மங்கவில்லை, வளையவில்லை. பின்புறம் இரண்டங்குலம் திறந்துவிட்டு, குழாய்களும் ஒயர்களும் போக எஞ்சிய இடத்தை நைலான் வலையால் மூடியிருக்கிறேன்.

கோடையில் மட்டும் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சட்டமடித்த வலையை வைக்கிறேன். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் வெப்பம், 100 லிட்டர் நீரை 5 டிகிரிக்கும் மேல் குளிர்விக்கப் போதுமானது. மே மாத வெயிலில் கிரிப்டோகோரைன் இலைகள் கரையாமல் காக்க இது பேருதவி. ஆனால் ஆவியான நீர் தன் உப்பைத் தொட்டியிலேயே விட்டுச் செல்கிறது. போர் தண்ணீரையே ஊற்றி ஈடுசெய்தால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும் என்பதால், அந்த மாதங்களில் உப்பு நீக்கிய ஆர்.ஓ. நீரை மட்டுமே ஊற்றுகிறேன்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் டஃபன் செய்த, அதாவது சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கிய கண்ணாடி நல்லது. அதைப் பின்னர் வெட்டவோ துளையிடவோ முடியாது. தீவனத் திறப்பும் குழாய் வெட்டும் எங்கே வரவேண்டும் என்பதைத் தொட்டியின் உள்விளிம்பை அளந்து முன்கூட்டியே கடைக்காரரிடம் வரைந்து கொடுத்துவிட வேண்டும்.