ஷியாமென் ஷாப்பிங்: ஊர் வந்து சேரும்வரை தாங்குவது எது?

சீனாவின் ஃபுஜியான் கடற்கரையில் உள்ள ஷியாமென் நகரில் ஜோங்ஷான் சாலைக் கடைகளில் ஏறி இறங்கினாலே பாதி வயிறு நிறைந்துவிடும். ஒரு கடையில் பாசிப்பயறு பூரணம் வைத்த ஷியான்பிங் என்ற பலகாரம், அடுத்ததில் பொடியாக உதிரும் கடலை மிட்டாய், அதற்கடுத்ததில் சின்னக் கிண்ணத்தில் சுடச்சுடத் தேநீர் என்று ருசி பார்க்கக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அங்கே நின்று சாப்பிடும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். பெட்டியில் ஒரு வாரம் அடைபட்டு, வெயில் ஊரில் வந்து இறங்கி, இரண்டு மாதம் கழித்துப் பிரிக்கும்போதும் அப்படியே இருக்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வறுத்த தியேகுவான்யின் தேயிலையும் தெஹுவா வெள்ளைப் பீங்கானும் முதலில் நிற்கின்றன. தின்பண்டங்கள் அதற்குப் பிறகு. கருவாட்டு வகைகள் கடைசி.

தேயிலை: பச்சையா, வறுத்ததா?

தியேகுவான்யின், ஷியாமெனுக்குப் பக்கத்தில் உள்ள அன்ஷி மலைப்பகுதியில் விளையும் ஊலாங் தேயிலை, அதாவது ஓரளவு மட்டும் புளிக்கவைத்த வகை. கடையில் இரண்டு வகையாகக் கிடைக்கும். லேசாகப் புளிக்கவைத்த, பச்சை நிறம் மாறாத வகைக்கு சிங்ஷியாங் என்று பெயர். நெருப்பில் வறுத்துப் பழுப்பேறியது நோங்ஷியாங். ருசி பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் முதலில் வருவது சிங்ஷியாங். பூ வாசம் அறை முழுக்கப் பரவும், ஆளை அங்கேயே கட்டிப்போட்டுவிடும். வாங்குபவர்கள் ஏமாந்து போவதும் இதில்தான்.

கடைக்காரர் அதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தருவதைக் கவனியுங்கள். 0 முதல் 5 டிகிரிக் குளிரில் வைத்தால்தான் அந்த வாசம் நிற்கும். சூட்டில் சில வாரம் கிடந்தாலே பச்சை மங்கி, மணம் இறங்கி, சாறு சப்பென்று ஆகிவிடும். சென்னை வெயிலிலோ சிங்கப்பூர்ப் புழுக்கத்திலோ சமையலறை அலமாரியில் வைக்கப்போகிறீர்கள் என்றால் சிங்ஷியாங் வேண்டாம். ஃப்ரிட்ஜில் இடம் உண்டு, சீக்கிரம் குடித்து முடிப்போம் என்பவர்கள் மட்டும் வாங்கலாம். அப்போதும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பொட்டலத்தை உடனே வெட்டக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் காற்றின் ஈரம் குளிர்ந்த இலைமேல் படிந்து இலை கெட்டுவிடும்.

நோங்ஷியாங்கில் இந்தத் தொல்லை இல்லை. வறுக்கும்போதே இலையின் ஈரம் பெருமளவு போய்விடுவதால், காற்றும் வெளிச்சமும் படாத தகர டப்பாவில் வெளியிலேயே வைக்கலாம். பூ வாசம் குறைவு. அதற்குப் பதில் வறுத்த தானிய மணமும் தொண்டையில் நிற்கும் இனிப்பும் உண்டு. பால் கலந்த திடமான டீ குடித்துப் பழகிய வீட்டுப் பெரியவர்களுக்கும் இதுதான் எளிதாகப் பிடிக்கும்.

விலை கேட்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அவர்கள் சொல்வது ஒரு 'ஜின்'னுக்கான விலை, அதாவது 500 கிராமுக்கு. கிலோ என்று நினைத்துக் கணக்குப் போட்டால் பாதி எடைதான் கைக்கு வரும். தேயிலை 7 அல்லது 8 கிராம் வெற்றிடப் பொட்டலங்களாக இருக்கும். ஒரு பொட்டலம் ஒரு தடவை போடுவதற்கான அளவு. 250 கிராம் வாங்கினால் முப்பதுக்குச் சற்று மேல் பொட்டலங்கள் வரும். பட்டுத்துணி உள்வைத்த பரிசுப் பெட்டிகள் பார்வைக்கு அழகு. ஆனால் கொடுக்கும் காசில் நல்ல பங்கு அட்டைக்கே போய்விடும், பயணப் பெட்டியில் இடமும் அடைக்கும். பொட்டலங்களை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கி, ஊரில் டப்பாவில் போட்டுக்கொள்வதே நல்லது.

ருசி பார்க்கக் கடையில் எடுத்துவைத்திருக்கும் பொட்டலத்தை ஏற்காமல், நீங்கள் வாங்கப்போகும் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டி அதைப் போடச் சொல்லுங்கள். மூடியும் தட்டும் உள்ள கைவான் கோப்பையில் கொதிநீர் ஊற்றி, முதல் நீரைக் கொட்டிவிட்டு, பதினைந்து இருபது விநாடிகளில் வடிப்பார்கள். முதல் கிண்ணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்றாவது, நான்காவது கிண்ணம்வரை குடித்துப் பாருங்கள். நல்ல இலை ஆறேழு தடவை தாங்கும். முதலில் தூக்கலாக மணந்து மூன்றாவதில் வெறும் வெந்நீராகிவிட்டால், அது தரம் குறைந்த இலை. மேலே வாசனை ஏற்றியதாகவும் இருக்கலாம். கடைசியில் இலையை விரித்துப் பார்த்தால் முழு இலையாக, தடிப்பாக இருக்க வேண்டும்.

அன்ஷியில் மே மாத வாக்கில் ஒரு பறிப்பு, அக்டோபரில் இன்னொன்று. சாறுக்கு வசந்தம், மணத்துக்கு இலையுதிர்காலம் என்பது அங்கத்தியவர்கள் கணக்கு. மார்ச்சில் போகிறவர் கையில் கிடைக்கும் பச்சை வகை முந்தைய ஆண்டுடையது. அந்த நேரத்தில் நோங்ஷியாங் வாங்குவதே புத்திசாலித்தனம்.

வூயி மலையின் தாஹோங்பாவும் எல்லாக் கடையிலும் இருக்கும். அருமையான தேயிலைதான். ஆனால் தியேகுவான்யின் போல உருண்டையாகச் சுருட்டாமல் நீள இழையாக இருப்பதால் அழுத்தினால் நொறுங்கும். துணிகளுக்கு நடுவே திணிக்காமல் டப்பாவோடு எடுத்துவருவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

தெஹுவா பீங்கானும் லாக்கர் நூல் வேலையும்

தெஹுவா, குவான்ஜோ நகரின் கீழ் வரும் மலை வட்டாரம். அங்கத்து மண்ணில் இரும்பு மிகக் குறைவு என்பதால் சுட்ட பிறகு கறையில்லாத வெண்மை வருகிறது. சீனாவின் இன்னொரு புகழ்பெற்ற பீங்கான் ஊரான ஜிங்தேஜென் சரக்கின் வெண்மையில் லேசான நீலம் ஓடும். நல்ல பழைய பாணித் தெஹுவாவில் தந்தத்தின் இதமான சாயல் இருக்கும். இந்தச் சரக்கு கப்பலேறிய குவான்ஜோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் தங்கி வாழ்ந்ததற்கு, அங்கே கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சாட்சி. தெஹுவா சூளைகளையும் சேர்த்து 2021-இல் குவான்ஜோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ் வீட்டுக்குக் கொண்டுவர இதைவிடப் பொருத்தமான பொருள் ஷியாமெனில் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

கருணைத் தெய்வமான குவான்யினின் சிலைகள்தான் புகழ்பெற்றவை. ஆனால் விரல் நுனியும் தாமரை இதழும் பயணத்தில் முதல் அடியிலேயே போய்விடும். கைவான், தேநீர்க் கிண்ணங்கள் வாங்குவது பத்திரம், தினமும் பயன்படவும் செய்யும். கிண்ணத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்னால் விரலை வையுங்கள். மெல்லிய சுவரில் விரலின் நிழல் தெரிய வேண்டும். விளிம்பை நகத்தால் சுண்டினால் ஓசை கணீரென்று நீள வேண்டும். ஓசை அடைத்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். கைவானில் மூடி சரியாக அமர்கிறதா என்று சுற்றிப் பார்த்து வாங்குங்கள். 'மிங் பேரரசுக் காலத்துப் பழசு' என்று யாராவது நீட்டினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அநேகமாகப் போலி. நிஜமாகவே அவ்வளவு பழசு என்றால் நாட்டைவிட்டு எடுத்துவரச் சட்டம் விடாது.

லாக்கர் நூல் வேலை ஷியாமெனுக்கே உரிய கலை. லாக்கர் மரப்பாலோடு செங்கல் தூளையும் எண்ணெயையும் சேர்த்து இடித்து மாவாக்கி, அதை முறுக்குப் பிழிவதைவிட மெல்லிய நூலாகக் கையால் உருட்டி, சிலைமேல் சுற்றிச் சுற்றி நாகமும் மேகமும் வரைந்து, தங்க ரேக்கு ஒட்டுவார்கள். 2006-இல் தேசிய மரபுக் கலைப் பட்டியலில் சேர்ந்தது. நல்லது விலை அதிகம். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அச்சில் வார்த்த ரெசின். நூலும் நூலும் குறுக்கிடும் இடத்தை உற்றுப் பாருங்கள். கைவேலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், வார்ப்பில் இரண்டும் ஒன்றாக உருகியது போலிருக்கும். பக்கத்தில் உள்ள இன்னொரு சிலையிலும் அதே வளைவு அதே இடத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். காசு இருந்தால் ஒரு சின்னத் தட்டு வாங்கலாம், இல்லையென்றால் பார்த்து ரசித்துவிட்டுப் பீங்கானுக்கே போய்விடலாம்.

தின்பண்டம், கருவாடு, மருந்து

ஷியான்பிங்கின் பூரணம் பயறாக இருந்தாலும் மேல்மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். சைவர்கள் நான்புத்துவோ கோயிலில் கிடைக்கும் சைவ பிங் வாங்குவதே நிம்மதி. மற்ற கடைகளில் கைபேசி கேமராவால் பொருட்பட்டியலை மொழிபெயர்த்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். அன்னாசிக் கேக்கில் பல பிராண்டுகளின் பூரணம் பாதிக்கு மேல் வெண்பூசணி. பால்பொடி சேர்ந்த மிட்டாய், கேக் வாங்கும்போது இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் யோசிக்க வேண்டும். சீனப் பால் பொருட்களின் இறக்குமதிக்கு 2008 முதல் இந்தியா தடை வைத்திருக்கிறது. கடலை மிட்டாய் ருசியானது, ஆனால் பெட்டியில் தூளாகிவிடும். கடைசி நாளில் வாங்கிக் கைப்பையில் வையுங்கள். சாச்சா என்ற உள்ளூர்ச் சாஸில் உலர்ந்த இறால் உண்டு, 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் கைப்பையில் போகாது.

கருவாட்டுக்கு 'எட்டாம் சந்தை'தான் இடம். உள்ளூர்க்காரர்கள் வாங்கும் இடம் என்பதால் சரக்கு வேகமாக மாறும். இறால் எல்லாம் ஒரே மாதிரி பளீர் ஆரஞ்சாக இருந்தால் சாயம். உலர்ந்த ஸ்காலப் சிப்பிச் சதை தொட்டால் காய்ந்து கெட்டியாக, உடையாமல் இருக்க வேண்டும். ஆனால் வாசம் பெட்டி முழுக்க ஏறும், பல நாட்டுச் சுங்கத்தில் பறிமுதலும் ஆகலாம். அங்கே வாங்க வேண்டியது ஜிசாய் என்ற கடற்பாசி அடை. எடையே இல்லை, சைவம், மணல் போக அலசினால் சூப்புக்கு ஆகும்.

பியன்சேஹுவாங் என்ற சீன மரபு மருந்து மாத்திரையைத் தொடவே வேண்டாம். 2023-இல் 3 கிராம் மாத்திரையின் விலை 760 யுவானாக உயர்ந்தது. அதில் கஸ்தூரி இருப்பதால் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு.

எங்கே, எப்படி

குலாங்யூ தீவில் வாங்கிச் சுமந்து படகேறுவதில் லாபம் எதுவும் இல்லை. அங்கே பார்ப்பதற்குப் போங்கள். தேயிலைக்கு ஜோங்ஷான் சாலையின் முகப்புக் கடைகளைவிடப் பக்கத்துச் சந்துகளில் உட்கார்ந்து குடிக்கவைக்கும் சிறு கடைகள் மேல். பீங்கானுக்கு அரை நாள் ஒதுக்கி அதிவேக ரயிலில் குவான்ஜோ போய் வந்தால் தேர்வு செய்ய நிறைய இருக்கும்.

அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் வெளிநாட்டு விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைத்துச் செலுத்தினால் ஒரு பில் 200 யுவானைத் தாண்டும்போது 3 சதவீதக் கட்டணம் பிடிப்பார்கள். அதே 200 யுவானுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2025 ஏப்ரல் முதல், வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் உள்ள ஒரு கடையில் ஒரே நாளில் 200 யுவானுக்கு வாங்கினாலே வெளிநாட்டவர் அந்த வரியைத் திருப்பிக் கோரலாம். 13 சதவீத வரிப் பொருளுக்கு விலையில் 11 சதவீதம் திரும்பும், அதில் விலையின் 2 சதவீதம் சேவைக் கட்டணமாகப் போய் 9 சதவீதம் கைக்கு வரும். பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவத்தைக் கடையிலேயே வாங்கிவிடுங்கள். பொருளைப் பிரிக்கவோ பயன்படுத்தவோ கூடாது. விமான நிலையத்தில் பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்பே சுங்க மேசையில் பொருளையும் படிவத்தையும் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பெட்டி பெல்ட்டில் போய்விட்டால் காட்டுவதற்குப் பொருள் கையில் இருக்காது, பணமும் வராது.