எட்டு ஆண்டுகளாக ஒரு மாதிரி விமானச் சங்கக் காப்புறுதி: ‘மூன்றாம் தரப்பு’ யார்?

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் இயங்கும் ஒரு சிறிய மாதிரி விமானச் சங்கத்தில், அதாவது ரிமோட்டால் இயக்கும் சிறு விமானங்களைப் பறக்கவிடுவோரின் சங்கத்தில், 2017இல் சேர்ந்தேன். பொருளாளர் பொறுப்பு என்னிடம் வந்த பிறகு, ஆண்டுதோறும் காப்புறுதியைப் புதுப்பிக்கும் வேலையும் என்னுடையதாயிற்று. காப்புறுதித் தொகை பத்து லட்சம் வெள்ளியா, இருபது லட்சம் வெள்ளியா என்பதைத்தான் உறுப்பினர்கள் எப்போதும் முதலில் கேட்பார்கள். நானும் தொடக்கத்தில் அதை மட்டுமே பார்த்தேன். அந்தத் தொகை யாருக்கு ஏற்படும் காயத்துக்குக் கிடைக்கும் என்பதையே முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று இன்று உறுதியாக எண்ணுகிறேன்.

சங்கம் காப்புறுதி எடுத்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. திடலைப் பயன்படுத்த அனுமதி தந்தவர்கள் பொதுப் பொறுப்புக் காப்புறுதியை, அதாவது நம்மால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் சேதத்துக்கும் இழப்பீடு தரும் காப்புறுதியை, ஒரு நிபந்தனையாக வைத்தார்கள். அத்துடன், சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற ஓர் அமைப்பு, கம்பெனியைப் போலத் தனிச் சட்ட ஆளுமை உடையதன்று. பெரிய இழப்பீட்டு வழக்கு ஒன்று வந்தால் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களின் சொந்தச் சேமிப்பும் ஆபத்துக்கு உள்ளாகலாம். மாதிரி விமானம் விளையாட்டுப் பொருள்தானே என்று நினைப்பவர்களுக்கு நான் ஒரு கணக்கைச் சொல்வதுண்டு: மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் ஒருவர்மீது மோதினால், அது ஏறத்தாழ 32 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் ஒன்றின் பன்னிரண்டாம் மாடியளவு உயரத்திலிருந்து, தலையில் விழுவதற்குச் சமம். எங்கள் திடலில் மூன்று கிலோ எடையுள்ள விமானங்கள் அந்த வேகத்தில் பறப்பது வழக்கமான ஒன்று.

நான் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆனபோது அந்த விபத்து நடந்தது. விமானங்களைத் தயார்செய்யும் இடத்தை நாங்கள் ‘பிட்’ என்போம். அங்கே ஓர் இளைஞர் தம்முடைய விமானத்தில் பேட்டரியை இணைத்துவிட்டு எழுந்தபோது, கழுத்தில் தொங்கிய ரிமோட்டில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டும் த்ரோட்டில் குச்சி அவருடைய சட்டையில் சிக்கி மேலே நகர்ந்தது. மோட்டார் சுழலாமல் தடுக்கும் ‘த்ரோட்டில் கட்’ சுவிட்சை அவர் போட்டிருக்கவில்லை. விமானம் பாய்ந்து, பக்கத்தில் குனிந்து இறக்கையைப் பூட்டிக்கொண்டிருந்த மூத்த உறுப்பினர் ஒருவரின் முன்கையைப் புரொப்பெல்லர் கிழித்தது. நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று அழைக்கும் அவர், தனியாகத் தொழில் செய்யும் மின்பணியாளர். மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதியை அவருடைய சொந்த மருத்துவக் காப்புறுதி ஏற்றது. ஆனால் ஏழு வாரங்கள் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. அவருக்கு விடுப்புச் சம்பளம் தர முதலாளி எவரும் இல்லை.

சங்கத்தின் காப்புறுதி இதற்குத்தான் என்று நம்பிக் கோரிக்கை அனுப்பினோம். நிறுவனம் அதை ஏற்கவில்லை. பாலிசியில் ‘காப்புறுதி பெற்றவர்’ என்ற இடத்தில் ‘சங்கமும் அதன் உறுப்பினர்களும்’ என்று எழுதியிருந்தது. அதன்படி இளைஞரும் அண்ணனும் ஒரே தரப்பு; ‘மூன்றாம் தரப்பு’ எனப்படும் வெளியாள் எவரும் காயமடையவில்லை; ஆகவே மூன்றாம் தரப்புப் பொறுப்பு எழவில்லை என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைப் படித்தபோது ஏற்பட்ட வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை. வாசகத்தின்படி அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் சங்கத்தின் தன்மையை அறிந்து பாலிசியை விற்ற முகவர், இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். “விடுங்க தம்பி, கை நல்லாயிடுச்சு,” என்று அண்ணன் எங்களைத் தேற்றினார். உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு அவருக்குக் கொடுத்த தொகை, அவர் இழந்த வருமானத்தில் பாதிகூட இல்லை.

சிங்கப்பூரில் இந்த விஷயம் மிக முக்கியம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் ஆகிய விமான நிலையங்களையும் தளங்களையும் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. மற்ற இடங்களிலும் கடல் மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேல் செல்ல அனுமதி தேவை. எஞ்சியிருக்கும் சில திடல்களில் எல்லாரும் நெருங்கி நிற்கிறோம். வழிப்போக்கரைவிட, நம் தோளருகே நிற்கும் சக உறுப்பினருக்குத்தான் நம்மால் காயம் ஏற்படும் வாய்ப்பு அதிகம். பிரிட்டிஷ் மாதிரி விமானச் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு இரண்டரைக் கோடி பவுண்டு வரையிலான பொறுப்புக் காப்புறுதி தருகிறது. ஓர் உறுப்பினரால் இன்னோர் உறுப்பினருக்கு ஏற்படும் காயமும் அதில் அடங்கும். அமெரிக்காவின் தேசிய மாதிரி விமான அமைப்பு தரும் 25 லட்சம் டாலர் பாதுகாப்போ, பெரும்பாலும் உறுப்பினரின் வீட்டுக் காப்புறுதி முதலில் செலுத்திய பிறகே தொடங்குகிறது. பெரும் எண்ணிக்கையில் உறுப்பினர் இருப்பதால் இத்தகைய தேசிய அமைப்புகளுக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு கட்டுப்படியாகிறது. நாற்பது பேர் கொண்ட எங்களைப் போன்ற சங்கம் ஒவ்வொரு வாசகத்தையும் தானே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்திடம் போனோம். ஒவ்வோர் உறுப்பினரையும் தனித்தனிப் பாலிசிதாரராகக் கருதும் பரஸ்பரப் பொறுப்புப் பிரிவைச் சேர்க்கச் சொன்னோம். காப்புறுதிச் சந்தா ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியது. பொதுக்கூட்டத்தில் சிலர் தயங்கினார்கள். அண்ணன் எழுந்து சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டியதும் தீர்மானம் நிறைவேறியது. அந்தப் பிரிவைப் பயன்படுத்தும் நிலை, நல்லவேளையாக, இதுவரை வரவில்லை. இடையில் ஒரு முறை விமானம் ஒன்று வேலிக்கு வெளியே நின்றிருந்த காரின் முன்கண்ணாடியை உடைத்தபோது, நாமே ஏற்க வேண்டிய முதல் 500 வெள்ளி போக மீதியை நிறுவனம் ஆறு வாரங்களில் கொடுத்துவிட்டது. அந்தச் சேவையில் எனக்கு முழுத் திருப்தி.

அந்தக் கோரிக்கையின்போது அவர்கள் முதலில் கேட்டது விமானத்தின் பதிவு எண்ணைத்தான். 2020 தொடக்கம் முதல், மாதிரி விமானங்கள் உள்ளிட்ட 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா வானூர்திகளைச் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவுசெய்தே இயக்க வேண்டும்; 2021 பிப்ரவரி முதல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஏழு கிலோ வரை எடையுள்ளவற்றுக்கு அடிப்படைப் பயிற்சிச் சான்றும் தேவை. எங்கள் பாலிசி சட்டப்படி இயக்கப்படும் விமானத்துக்கு மட்டுமே செல்லும். ஆகவே பதிவு எண், சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை வாங்கிக் கோப்பில் வைத்த பிறகுதான் உறுப்பினர் அட்டை தருகிறேன்.

வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விமானங்களில் பயன்படும், தீப்பிடிக்கும் அபாயமுள்ள லித்தியம் பாலிமர் பேட்டரிகளைப் பலர் வீட்டில்தான் மின்னேற்றம் செய்கிறோம். வீவக தீக் காப்புறுதி கட்டடத்தையும் கழகம் முதலில் பொருத்தித் தந்தவற்றையும் மட்டுமே காக்கும். மரச்சாமான்களும் பின்னர் செய்த புதுப்பிப்பும் அதில் சேரா. தனியாக இல்லக் காப்புறுதி வைத்திருப்பவர்கள், அதன் தனிநபர் பொறுப்புப் பிரிவில் ‘விமானங்கள்’ விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், என்னுடையதில் விலக்கப்பட்டிருந்தது.

இப்போது எனக்குள்ள கவலை விருந்தினர்களைப் பற்றியது. பறக்கவிட ஆசைப்பட்டு வரும் ஒருவருக்கு, பயிற்றுநரின் ரிமோட்டுடன் இன்னொரு ரிமோட்டை இணைத்துக் குச்சியைத் தொடக் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்தச் சில நிமிடங்களில் அவர் உறுப்பினரா, மூன்றாம் தரப்பா, இரண்டும் இல்லையா என்று பாலிசியில் எழுதப்படவில்லை. முகவர் தொலைபேசியில் “அதெல்லாம் அடங்கும்” என்றார். எழுத்தில் தாருங்கள் என்று சென்ற மாதம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை விருந்தினர் எவருக்கும் ரிமோட்டைக் கொடுக்க வேண்டாம் என்று பயிற்றுநர்களிடம் சொல்லியிருக்கிறேன்.