பதினேழு கைகளும் இரண்டு செர்ரிப் பழங்களும்

அன்னமாக மாறிய இளவரசியோ நூறாண்டு உறங்கும் அரண்மனையோ இருந்தால் பாலே அரங்கு தானாக நிறைந்துவிடும். கதையே இல்லாத மூன்று குறும்படைப்புகளை இரண்டு இடைவேளைகளோடு கோத்துக் கொடுத்தால், முதல் இடைவேளையிலேயே சிலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அண்மையில் நான் பார்த்த நிகழ்ச்சி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஜார்ஜ் பாலன்சைனின் ‘செரனேட்’, யிரி கிலியானின் ‘பெதித் மோர்’, வில்லியம் ஃபோர்சைத்தின் ‘இன் தி மிடில், சம்வாட் எலிவேட்டட்’ ஆகிய, மூன்று நடன அமைப்பாளர்களின் படைப்புகளை இதே வரிசையில் ஒரு பாலே குழு ஆடியது. கடைசிப் படைப்பை மிக நன்றாகவும், நடுவிலுள்ளதை நன்றாகவும், முதலாவதைப் போதாமையோடும் ஆடினார்கள் என்பது என் முடிவு. அந்தப் போதாமைக்கான காரணம் கடைசிப் படைப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

‘செரனேட்’ 1934-இல், அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த ஒரு பள்ளியின் மாணவிகளுக்காகப் பாலன்சைன் அமைத்தது. அமெரிக்காவில் அவர் உருவாக்கிய முதல் பாலே. முதல் நாள் வகுப்புக்குப் பதினேழு பெண்கள் வந்ததால் பதினேழு பேருக்கான அமைப்போடு அது தொடங்குகிறது. பிறகு ஒரு நாள் ஒருத்தி தாமதமாக வந்தாள், வேறொரு நாள் ஒருத்தி கீழே விழுந்தாள். இரண்டையும் அவர் அப்படியே நடனத்துக்குள் எடுத்துக்கொண்டார். திரை விலகும்போது வெளிர்நீல நீள்பாவாடைகளில் பதினேழு பெண்கள் வலக்கையை உயர்த்தி, தொலைவிலிருந்து வரும் கூசும் ஒளியை மறைப்பவர்களைப் போல அசையாமல் நிற்கிறார்கள். பாதங்கள் அதுவரை சாதாரணமாக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றன. மணிக்கட்டு மெல்லத் தளர்கிறது, கை நெற்றிப்பொட்டுக்கும் பின்னர் மார்புக்கும் வருகிறது, அதன்பின் முப்பத்து நான்கு பாதங்களும் ஒரே நொடியில் வெளிப்பக்கம் திரும்பிப் பாலேயின் முதல் நிலைக்கு வந்துவிடுகின்றன. நின்றுகொண்டிருந்த பெண்கள் நடனக் கலைஞர்களாக மாறுவது அந்த ஒரு நொடியில்தான். நான் பார்த்த அன்று பின்வரிசையில் இரண்டு ஜோடிப் பாதங்கள் அரை நொடி பிந்தித் திரும்பின. சிறிய பிழைதான், ஆனால் பதினேழு பேரும் ஒருசேர மூச்சு விடுவதைப் போன்ற அந்தத் தொடக்கத்தில் அதை மறைக்க இடமே கிடையாது.

பிந்திய பாதங்களைவிட என்னை உறுத்தியது, எல்லோரும் மிகையான பத்திரத்தோடு ஆடியதுதான். பழைய பாலேயின் அசைவுகளையே எடுத்துக்கொண்டு, அவற்றின் வேகத்தைக் கூட்டி, இடுப்பை நேர்கோட்டிலிருந்து நகர்த்தி, எடையை விளிம்புவரை தள்ளிவிடுவது பாலன்சைனின் வழி. நவசெவ்வியல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இக்குழுவோ வால்ட்ஸ் என்ற சுழல்நடனப் பகுதியைக் கண்ணாடிப் பாத்திரம் ஏந்தியவர்களைப் போல ஆடிக் கடந்தது. ரஷ்ய நடனத்தின் முடிவில் விழ வேண்டிய கலைஞர் விழவில்லை. தரை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு அழகாக உட்கார்ந்தார். அதையடுத்து வரும் எலிஜி என்ற இரங்கல் பகுதியில்தான் மேடை உயிர் பெற்றது. மறுகாலைப் பின்னால் நீட்டி ஒற்றைக் காலில் அரபெஸ்க் நிலையில் நிற்கும் பெண்ணின் தாங்குகாலைத் தரையோடு தரையாக இருக்கும் ஆண் பிடித்துச் சுழற்ற, நீண்ட பாவாடை அவர் கைகளை மறைத்துவிடுவதால், யாரும் தொடாமலேயே அவள் தானாகத் திரும்புவதைப் போலத் தோன்றுகிறது. அந்தச் சுழற்சி ஒரு சிறு நடுக்கமும் இன்றி முழு வட்டம் சுற்றி நின்றது.

இசைக்குழு இல்லாமல் ஒலிப்பதிவை வைத்துச் சமாளித்ததையும் சொல்லியாக வேண்டும். ‘செரனேட்’டுக்கு அடிப்படையான சாய்க்கோவ்ஸ்கியின் இசைப்படைப்பிலுள்ள நான்கு பகுதிகளில் கடைசி இரண்டையும் பாலன்சைன் இடம் மாற்றி, துயரமான எலிஜியை முடிவில் வைத்தார். தந்திக் கருவிகளின் இழுவையோடு நடனக் கலைஞரின் மூச்சும் சேர்ந்து நீள்வதை நம்பி அமைக்கப்பட்ட முடிவு அது. ஒலிப்பதிவு யாருக்காகவும் காத்திருக்காது. மேடையில் ஒருவர் திருப்பத்தை இன்னும் ஒரு கணம் நீட்ட விரும்பியது தெரிந்தது, இசை அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. பதிவு செய்யப்பட்ட இசைதான் என்ற தகவல் அறிவிப்பிலும் இல்லை, நிகழ்ச்சித்தாளிலும் இல்லை.

‘பெதித் மோர்’ மொசார்ட்டின் இருநூறாவது நினைவாண்டான 1991-இல் சால்ஸ்பர்க் விழாவுக்காக உருவானது. ஆறு ஆண்கள், ஆறு பெண்கள், ஆறு வாள்கள். இசை தொடங்குமுன் வாள்கள் காற்றை வெட்டும் ஓசை மட்டும் கேட்கிறது. முன்வரிசைகளில் அதுவரை தொடர்ந்த இருமல் அப்போதுதான் அடங்கியது. பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து இசைக்கும் மொசார்ட்டின் இரண்டு கான்செர்ட்டோக்களின் மெதுவான பகுதிகளில் வரும் இணைநடனங்களை இக்குழுவின் ஆண்கள் அருமையாகத் தாங்கினார்கள். ஒரு வாள் கைநழுவி விழுந்து மேடை விளிம்புவரை உருண்டது. அதற்குரியவர் முகம் மாறாமல், இல்லாத வாளைப் பிடித்தபடியே அந்த அசைவுத் தொடரை முடித்தார். சக்கரம் வைத்த கறுப்பு உடைகள் வரும் நகைச்சுவை எனக்கு எப்போதுமே சற்று மலிவாகப் படும். அன்றும் அப்படித்தான் பட்டது. அரங்கு சிரித்தது.

இரண்டாம் இடைவேளைக்குப் பிறகு வெறும் மேடை. நடுவில், சற்றே உயரத்தில், பொன்னிற செர்ரிப் பழங்கள் இரண்டு தொங்குகின்றன. படைப்பின் பெயர் அவற்றின் இருப்பிடம்தான், வேறு புதிர் எதுவும் இல்லை. 1987-இல் பாரிஸ் ஆப்பரா பாலேக்காக ஃபோர்சைத் அமைத்த இதில் ஒன்பது பேர் ஆடுகிறார்கள். டாம் வில்லெம்ஸின் மின்னணு இசை இரும்புக் கதவை ஓங்கி அறைந்ததைப் போலத் தொடங்குகிறது. ஒலிப்பதிவு குறையாக இல்லாத ஒரே படைப்பு இது. மாறாத அந்த வேகத்தோடு மோதுவதுதான் இங்கே நடனக் கலைஞரின் வேலை. கைகோத்த இருவர் ஒருவரையொருவர் எதிர்த்திசையில் இழுத்து, ஒருவர் விட்டால் மற்றவர் விழுந்தே தீரும் கோணத்தில் நின்றார்கள். ஒரு கால் காதை ஒட்டி உயர்ந்தபோது இடுப்பு மறுபக்கம் சாய்ந்தது. தன் முறை முடிந்ததும் பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல அலட்சியமாக ஓரத்துக்கு நடந்துபோய், அங்கிருந்து திடீரென்று கத்தி வீச்சாகத் திரும்பி வந்தார்கள். பாலன்சைன் தொடங்கிய அதே சாய்வை ஃபோர்சைத் அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோகிறார் என்பதை இந்த வரிசை கண்ணெதிரே காட்டியது. நிகழ்ச்சித்தாளின் கட்டுரையோ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் மூவரின் விருதுகளை அடுக்கியிருந்தது.

‘செரனேட்’டில் பத்திரமாக உட்கார்ந்த அதே கலைஞர்தான் இங்கே இறுதி இணைநடனத்தை ஆடினார். துணைவரின் கையைப் பிடித்தபடி, விரல் நுனியில் நிற்க உதவும் பாயின்ட் காலணியின் நுனி வழுக்கும் அளவுக்குத் தன் முழு எடையையும் பின்னால் எறிந்தார். வழுக்கவும் செய்தது, அந்த வழுக்கலையே அடுத்த அசைவாக்கிக்கொண்டார். அந்த உடலால் விழ முடியும். ஒத்திகை நடத்தியவர் ‘செரனேட்’டுக்கும் அதை அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

இதே நிகழ்ச்சி மீண்டும் நடந்தால் மேல்மாட இருக்கைகளையே பரிந்துரைப்பேன். ‘செரனேட்’டின் கோலங்கள் கீழிருந்து பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பிவிடுகின்றன. பதினேழு நிமிடம் ஓடும் ‘பெதித் மோர்’ படைப்புக்கு முன்னும் பின்னும் அதைவிட நீண்ட இடைவேளைகள் வருவதால், பேச்சுத்துணைக்கு ஒருவரை அழைத்துப் போவது நல்லது.