'எல்லா ஆர்கேட் மெஷினுக்கும் பொருந்தும்' எல்சிடி கிட்: பணம் கட்டுமுன் படியுங்கள்

1980-இல் மிட்வே நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட பேக்-மேன் கேபினட்டுக்கு (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி), 'எல்லா ஆர்கேட் மெஷினுக்கும் நேரடி மாற்று' என்ற விளம்பரத்தை நம்பி, பழைய ட்யூப் மானிட்டருக்குப் பதிலாகப் பொருத்தும் 19 அங்குல எல்சிடி கிட் வாங்கி ஏமாந்தாயிற்று. விற்றவர் பெயர் வேண்டாம். இதே கிட் பல பெயர்களில் சுற்றுகிறது. கோளாறுகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

வந்து சேர்ந்தது பழைய அலுவலக மானிட்டரிலிருந்து கழற்றிய 1280×1024 பேனலும் ஒரு ஜிபிஎஸ்-8200 மாற்றி போர்டும்தான். மாற்றி போர்டு தேவைதான். பேக்-மேனின் கேம் சர்க்யூட் போர்டு தரும் படத்தின் கிடைமட்ட வரி வேகம் 15 கிலோஹெர்ட்ஸ், கணினி மானிட்டர் கேட்பது 31. ஆனால் அந்த மாற்றி போர்டு 0.7 வோல்ட் நிற சிக்னலை எதிர்பார்க்கிறது. ஆர்கேட் போர்டோ அதைவிடக் கூடுதலாகத் தள்ளும். கிட்டில் அதற்கு எதுவும் இல்லை. நிறங்கள் வெளுத்து, எழுத்தைச் சுற்றிக் கசிந்தன. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று ஒயரிலும் 500 ஓம் பிரீசெட்டை (திருகி அளவு மாற்றும் சிறு ரெசிஸ்டர்) தொடராகப் போட்டுக் குறைத்தால் சரியாகும். பத்து ரூபாய் சமாசாரம், அதைக்கூட வைக்கவில்லை.

பேனல்தான் பெரிய ஏமாற்று. பழைய ட்யூப்பின் நீள-அகல விகிதம் 4:3, இது 5:4. திரையை நிரப்பினால் உருண்டையான பேக்-மேன் பூசணிக்காயாகத் தெரியும். போதாததற்கு இது டிஎன் என்ற மலிவான எல்சிடி வகை. பேக்-மேனுக்குத் திரையைச் செங்குத்தாகத் திருப்ப வேண்டும். டிஎன் பேனலில் மேல்-கீழ்ப் பார்வைக் கோணம் மோசம். திருப்பியதும் அந்தக் குறை இடம்-வலத்துக்கு வந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்குப் படம் இருண்டோ நிறம் புரண்டோ தெரியும். கேட்க வேண்டியது 20.1 அங்குலம், 1600×1200, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை. அதன் படப்பரப்பு சுமார் 40.8×30.6 சென்டிமீட்டர், பழைய 19 அங்குல ட்யூப்பின் இடத்துக்கு ஏறக்குறைய ஒத்துவரும்.

கிட்டோடு வந்த தாளில் 'கேபினட்டின் அடியிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிடுங்கள்' என்றிருந்தது. செய்துவிடாதீர்கள்! பேக்-மேன் போர்டுக்கு வேண்டிய 7 வோல்ட் ஏசி அதிலிருந்துதான் வருகிறது. மானிட்டருக்குப் போகும் ஒயரை மட்டும் பிரித்து, முனையைக் காப்பிட்டு வையுங்கள்.

'எல்லா மெஷினும்' என்பதே பொய். டாங்கி காங் போன்ற நின்டெண்டோ போர்டுகளில் நிற சிக்னல் தலைகீழ். சிக்னலைத் திருப்பிப் போடும் இன்வெர்ட்டர் போர்டு இல்லாவிட்டால் ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி படம் வரும். பேப்பர்பாய் மீடியம் ரெசல்யூஷன் வகை; அதன் போர்டு தருவது 15 அல்ல, சுமார் 25 கிலோஹெர்ட்ஸ். மார்ட்டல் காம்பாட் விநாடிக்கு ஏறத்தாழ 54.7 ஃப்ரேம்; மாற்றி போர்டு அதை 60 ஆக்கும்போது திரை நகர்வு தத்தித் தத்தி வரும். அஸ்டிராய்ட்ஸ், டெம்பெஸ்ட் இரண்டும் படத்தை வரிவரியாக இல்லாமல் கோடுகளாகவே வரையும் வெக்டர் வகை. இந்தக் கிட்டில் படமே வராது.

இதையெல்லாம் விற்றவருக்கு எழுதிக் கேட்டதற்கு வந்த பதில்: 'உங்கள் கேபினட்டில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.'

உண்மையில் பாதிப் பேருக்கு எல்சிடியே தேவைப்படாது. எலெக்ட்ரோஹோம் ஜி07, வெல்ஸ்-கார்ட்னர் கே4600 என்ற பழைய ட்யூப் மானிட்டர்கள் இரண்டிலும் படம் சுருங்குவது, நெளிவது பெரும்பாலும் காய்ந்துபோன எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களால். கேப் கிட் (அந்தக் கண்டன்சர்களின் மாற்றுத் தொகுப்பு) போட்டுப் பாருங்கள். சேசிஸை (மானிட்டரின் சர்க்யூட் போர்டு) தொடுமுன் ட்யூப்பின் ஆனோடை, அதாவது உயர் மின்னழுத்த முனையை, டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் உள்ளே நிற்கும்.

வேறு சேசிஸ்தான் வாங்குவதென்றால், ட்யூப்பின் கழுத்திலுள்ள யோக்கை (கதிரைத் திருப்பும் சுருள் தொகுப்பு) கனெக்டரிலிருந்து கழற்றி, கிடைமட்டச் சுருள், செங்குத்துச் சுருள் இரண்டின் ஓம் அளவையும் மீட்டரில் எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள். 'அது எதற்கு?' என்று கேட்டால் அவரிடம் வாங்காதீர்கள். யோக் பொருந்தாத சேசிஸைப் போட்டால் படத்தின் அகலம் ஒருபோதும் சரியாகாது. கிடைமட்டச் சுருளை இயக்கும் ஹாரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரும் சூடேறி எரியும்.