ஆறு ஆண்டுகளாக எங்களோடு ஓடும் ரைன்கோல்ட்

ஜெர்மனியில் ரைன் ஆற்றின் இடது கரையில், கோப்லென்ஸுக்கும் மைன்ஸுக்கும் நடுவே இருப்பதாக நாங்களே கற்பனை செய்துகொண்ட ஒரு சிறிய நிலையம். 1:87 அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு), 8 பலகைகள், மொத்தம் 9.6 மீட்டர் நீளம். நண்பர்கள் நால்வர் சேர்ந்து கட்டிய இந்த மாதிரி ரயில் தளத்தை ஆறு ஆண்டுகளாகக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோய் ஓட்டி வருகிறோம்.

எடுத்த முடிவுகளில் இன்றும் மனம் நிறைவது, காலத்தை 1932 கோடையோடு நிறுத்தியதுதான். பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே ஓடிய 'பறக்கும் ஹாம்பர்கர்' டீசல் ரயிலை வைத்தால் கூட்டம் கூடும். எங்கள் தடத்துக்கு உரியதல்ல என்றாலும் பலமுறை ஆசைப்பட்டோம். ஆனால் அது ஓடத் தொடங்கியது 1933 மே மாதம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அந்த ஆண்டு நிலையத்தில் எந்தக் கொடி பறந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ரயில்வேதான் பின்னாளில் யூதர்களை லட்சக்கணக்கில் வதைமுகாம்களுக்கு ஏற்றிச் சென்றது. கொடியை மறைத்துவிட்டு வண்டியை மட்டும் காட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

எங்கள் நாயகன் 1928 மே 15 அன்று ஓடத் தொடங்கிய ரைன்கோல்ட் சொகுசு ரயில். கீழே ஊதா, மேலே பாலேட்டு நிறம். முன்னால் பவேரிய எஸ் 3/6 நீராவி எஞ்சின். ஒவ்வொரு பெட்டியும் சுமார் 27 சென்டிமீட்டர். இறுக்கமான வளைவில் இவை அசிங்கமாகப் பிதுங்கி நிற்கும். அதனால் கண்ணில் படும் வளைவுகளையெல்லாம் இரண்டாம் ஆண்டிலேயே பெயர்த்து அகலமாகப் போட்டோம். செலவு அதிகம்தான். ஆனாலும் ரயில் வளைந்து வரும் அழகைப் பார்த்தபின் ஒருவரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

உண்மையான தொல்லை பலகைகள் சேரும் இடத்தில். ஈரம் பட்டு மரம் சற்றே உப்பினால் போதும், தண்டவாளத்தில் அரை மில்லிமீட்டர் படி விழுந்துவிடும். கனமான சரக்குப் பெட்டிகள் அதைத் தாண்டிவிடும்; எஸ் 3/6 எஞ்சினின் முன்புறச் சிறு சக்கரங்கள் தாண்டாது. ஒரு குளிர்காலக் கண்காட்சியில் ஒரே காலையில் ஏழு முறை தடம் புரண்டது. ஊர் திரும்பியதும் பலகைகளை ஒன்றோடொன்று பொருத்தும் மர முளைகளை எடுத்துவிட்டுப் பித்தளை முளைகளைப் பொருத்தினோம். அதன்பின் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. தண்டவாளத்தை மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தாக வேண்டும். இதற்குக் குறுக்கு வழி எதையும் நாங்கள் காணவில்லை.

தளத்தை 1.1 மீட்டர் உயரத்தில் வைத்தது பெரியவர்களுக்கு வசதி, சிறுவர்களுக்கு எட்டாது. ஒரு சிறுமி அப்பாவின் தோளில் இருந்து பார்த்துவிட்டு, ரைன்கோல்ட் பெட்டியின் ஜன்னலுக்குள் எரியும் குட்டி மேசை விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒன்று எரியவில்லை என்று அவள்தான் சொன்னாள். அடுத்த கண்காட்சிக்குள் அந்த விளக்கை மாற்றிவிட்டோம். சிறுவர்கள் ஏறி நிற்க இரண்டு மரப்படிகளும் செய்துவிட்டோம்.