உள்ளூர் மரத்தைத் தரம் பிரிக்கக் கண் அளவா, இயந்திரமா?

கட்டடத்துக்குப் போகும் மரத்தைத் தரம் பிரிக்க முறையான வழிகள் இரண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு துண்டையும் நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்து, கணுவையும் இழைச் சாய்வையும் (இழை துண்டின் நீளத்தோடு ஓடாமல் விலகும் அளவு) வெடிப்பையும் அளந்து வகை பிரிப்பது ஒன்று. துண்டை இயந்திரத்தில் செலுத்தி, அதன் விறைப்பை, அதாவது வளையாமல் எதிர்க்கும் தன்மையை அளந்து, அதிலிருந்து வலிமையைக் கணிப்பது மற்றொன்று. சொந்த நிலத்து மரங்களை அறுத்துக் கூரைக்கு ஏற்ற வேண்டி வந்தபோது நான் கண் அளவையே தேர்ந்தெடுத்தேன். உள்ளூர் மரம், சிறிய அளவு, பல இனங்கள் கலந்த குவியல் என்றால் இன்றும் அதையே சொல்வேன்.

மரத்தின் பெயரை மட்டும் நம்பி ஏற்றிவிடும் பழக்கமும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரே மரத்தின் அடித்துண்டும் நுனித்துண்டும் ஒன்றல்ல. கிளை விட்ட பகுதியில் கணு நிறைந்திருக்கும். மையத்தை ஒட்டிய இளம் பகுதி உலரும்போது முறுக்கிக்கொள்ளும். பெயர் இனத்தைச் சொல்லும், கையில் இருக்கும் துண்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இயந்திரத்துக்கு உரிய மதிப்பை முதலில் கொடுத்துவிடுகிறேன். 1960களில் புழக்கத்துக்கு வந்த இந்த முறைக்கு அடிப்படை உறுதியானது: மரத்தின் வலிமையை முன்கூட்டிச் சொல்ல, கண்ணுக்குத் தெரியும் எந்தத் தனிக் குறையையும் விட விறைப்பு நம்பகமானது. சில இயந்திரங்கள் துண்டை லேசாக வளைத்துப் பார்க்கின்றன. சில, துண்டின் முனையில் தட்டி, எழும் அதிர்வைக் கேட்கின்றன. அதிர்வெண்ணையும் நீளத்தையும் பெருக்கி இரட்டித்தால் மரத்துக்குள் ஒலி ஓடும் வேகம் கிடைக்கும். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால், விறைப்பை எண்ணாகச் சொல்லும் மீட்சிக் குணகம் வந்துவிடும். கன மீட்டருக்கு 600 கிலோ அடர்த்தியுள்ள 4 மீட்டர் துண்டு ஒன்று சுமார் 560 ஹெர்ட்ஸில் ஒலித்தால், அதன் குணகம் ஏறத்தாழ 12,000 நியூட்டன்/ச.மி.மீ. வேலை நொடிகளில் முடிகிறது. அடர்த்தி கண்ணுக்குத் தெரியாது. இயந்திரம் அதையும் கணக்கில் சேர்க்கிறது. கண் அளவில் சந்தேகத்தின் பேரில் கீழே தள்ளப்படும் நல்ல துண்டுகள் பல இதில் தப்பிவிடும்.

ஆனால் இயந்திரம் அளப்பது விறைப்பையே, வலிமையை நேரடியாக அல்ல. விறைப்பு இவ்வளவு என்றால் வலிமை இவ்வளவு என்று சொல்ல, அந்த இனத்துக்கும், அது வளர்ந்த பகுதிக்கும், அந்த அளவுகளுக்கும் உரிய வரம்புகளை இயந்திரத்தில் முன்பே பதித்திருக்க வேண்டும். அவை நூற்றுக்கணக்கான துண்டுகளைச் சோதனைக் கூடத்தில் உடைத்துப் பார்த்து எடுக்கப்படுபவை. பெரிய தோட்டங்களில் ஒரே இனம் வளரும் இடத்தில் அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. வரப்போரத்தில் நான்கு, வேலியோரத்தில் இரண்டு என்று வளர்ந்த மரங்களுக்கு யார் அதைச் செய்து வைத்திருப்பார்கள்? வரம்பு இல்லாத இயந்திரம் ஓர் எண்ணைத் தரும், தரத்தைத் தராது.

வளர்ந்த இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிரிட்டனின் பி.எஸ். 4978 நல்ல சாட்சி. ஊசியிலை மரங்களைக் கண்ணால் தரம் பிரிப்பதற்கான தர நிர்ணயம் அது. அதில் எஸ்.எஸ். (சிறப்புக் கட்டுமானத் தரம்), ஜி.எஸ். (பொதுக் கட்டுமானத் தரம்) என்று இரண்டே தரங்கள். வட ஐரோப்பாவிலிருந்து வரும் வெள்ளை ஊசியிலை மரம் எஸ்.எஸ். பெற்றால் சி24 வலிமை வகுப்பில் சேரும். பிரிட்டனிலேயே வளர்ந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் அதே விதியில், அதே எஸ்.எஸ். பெற்றாலும் சி18 மட்டுமே. எண்கள் வளைவு வலிமையை நியூட்டன்/ச.மி.மீ. கணக்கில் குறிப்பவை. கணுவின் அளவு ஒன்றாக இருந்தாலும், இனமும் மண்ணும் வளர்ந்த வேகமும் வேறு. எனவே வேறெங்கோ வளர்ந்த மரத்தின் அட்டவணையை எடுத்து உள்ளூர் மரத்தின் மேல் ஒட்டக் கூடாது. இந்த எச்சரிக்கை இரண்டு முறைகளுக்கும் பொதுவானது. கண் அளவில் இதை ஈடுகட்ட ஒரு வகுப்பு கீழே வைத்துக் கணக்கிட்டு, துண்டைச் சற்றுப் பருமனாக எடுத்துக்கொள்ளலாம். மரம் கையில் இருக்கும்போது அது பெரிய இழப்பில்லை.

என்னைக் கண் அளவின் பக்கம் முழுமையாகத் திருப்பியது வேறொன்று. தரம் என்பது மரத்துக்கு உரியதல்ல, அறுத்த அளவுக்கு உரியது. நீளவாக்கில் மறுபடி அறுத்தால் பழைய தரம் காலாவதியாகிவிடும். வேலை நடக்கும் இடத்தில் மரம் மறுபடி அறுபடாமல் இருப்பதே அரிது.

ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். 200 மி.மீ. உயரம், 100 மி.மீ. அகலம். உயரத்தின் நடுவில், அகலம் முழுவதும் ஊடுருவிச் செல்லும் 50 மி.மீ. கணு ஒன்று. குறுக்குவெட்டில் கணு பிடித்திருக்கும் பங்கு நான்கில் ஒன்று. உயரத்தில் மேல் விளிம்பை ஒட்டிய கால் பகுதியும் கீழ் விளிம்பை ஒட்டிய கால் பகுதியும் சுத்தமாக இருக்கின்றன. பி.எஸ். 4978 கணக்குப்படி விளிம்பு சுத்தமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை கணு இருக்கலாம். எனவே இது எஸ்.எஸ். இப்போது தச்சர் இதை நடுவில் கிடையாக அறுத்து 100-க்கு 100 என இரண்டு துண்டுகளாக்குகிறார். ஒவ்வொன்றிலும் கணுவின் பங்கு அதே நான்கில் ஒன்றுதான். ஆனால் பாதிக் கணு இப்போது விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. விளிம்பை ஒட்டிய கால் பகுதி முழுவதையும் அதுவே அடைத்திருக்கிறது. அந்தக் கால் பகுதியில் பாதிக்கு மேல் கணு இருந்தால் எஸ்.எஸ். தரத்துக்கு மொத்த வரம்பு ஐந்தில் ஒன்றாக இறங்கிவிடும். எனவே இரண்டு துண்டுகளும் ஜி.எஸ். தரத்துக்கு இறங்கிவிட்டன. அதே மரத்தை நிமிர்த்தி 50-க்கு 200 என இரண்டாகப் பிளந்திருந்தால் கணு நடுவிலேயே நின்றிருக்கும், தரமும் நின்றிருக்கும்.

இயந்திர முத்திரையோடு வந்த துண்டானால் இந்த இடத்தில் முத்திரை செல்லாது. திரும்ப ஏற்றிக்கொண்டுபோய் மறுபடி அளக்க வேண்டும். கண் அளவில் தேர்ந்தவர் அங்கேயே, வாளை வைப்பதற்கு முன்பே, எந்தப் பக்கம் அறுத்தால் தரம் தங்கும் என்று சொல்லிவிடுவார். தரம் பிரிப்பவர் அறுவையின்போதே கூட இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது, குறைந்த மரத்தை வைத்துக்கொண்டு கூரையை முடிக்க வேண்டியவர்களுக்குப் புரியும். எந்த விளிம்பு மேலே இருக்க வேண்டும் என்பதும் அப்போதே முடிவாகிவிடும். உத்தரத்தின் அடிப்பகுதி இழுவிசையில் இருக்கிறது, கணு அங்கேதான் அதிகம் கெடுக்கும். விளிம்புக் கணுவை மேலே திருப்பி வைத்தால் அது அமுக்கவிசைப் பக்கத்துக்குப் போய்விடும். இதற்காகத் தரத்தை உயர்த்திக்கொள்ளக் கூடாது, கூடுதல் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

கண் அளவு என்றதும் கணுவையே எல்லோரும் நினைக்கிறார்கள். கணுவுக்கு இணையாக நான் அஞ்சுவது இழைச் சாய்வை. இழை 10 அங்குல நீளத்தில் 1 அங்குலம் விலகினால் வளைவு வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 5 அங்குலத்தில் 1 அங்குலம் விலகினால் பாதியை நெருங்கிவிடும். இழைத்துப் பளபளப்பாக்கிய பரப்பில் தெரியும் அழகான கோடுகள் பல நேரம் ஆண்டு வளையத்தின் கோடுகளே, இழையல்ல. உண்மையான இழையைக் காண, உலர்ந்தபோது விழுந்த மெல்லிய வெடிப்புகளைப் பாருங்கள். அவை இழையோடுதான் ஓடும். வெடிப்பே இல்லையென்றால், சுழலும் கைப்பிடி கொண்ட ஊசிமுனைக் கம்பியால் மெல்ல இழுத்தால் அது இழையைப் பிடித்துக்கொண்டு போகும். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களிலும் இழுத்துப் பார்க்க வேண்டும். திருகி வளர்ந்த மரம் ஒரு பக்கத்தில் நேராகத் தெரிந்து மறுபக்கத்தில் காட்டிக்கொடுக்கும்.

வேகமாக வளர்ந்த மரம் வலுவற்றது என்ற பேச்சை எல்லா மரத்துக்கும் பொருத்த வேண்டாம். ஊசியிலை மரங்களில் அகலமான வளையம் பெரும்பாலும் குறைந்த அடர்த்தியின் அடையாளம். ஓக்கைப் போல் பெரிய துளைகள் ஆண்டு வளையத்தை ஒட்டி வரிசையாக அமைந்த மரங்களில் அது அப்படியே செல்லாது.

இதெல்லாம் உலர்ந்த மரத்தில் பார்க்க வேண்டியவை. பச்சை மரத்தில் முறுக்கலும் வெடிப்பும் இன்னும் பிறக்கவே இல்லை. ஈரம் 30 சதவீதத்துக்கு அருகிலிருந்து இறங்கத் தொடங்கிய பிறகே மரம் சுருங்குகிறது, இறுகுகிறது, வளைகிறது. ஈரப்பத மீட்டர் 20 சதவீதத்துக்குக் கீழே காட்டும்வரை நான் எந்தத் துண்டுக்கும் இறுதித் தரம் போடுவதில்லை. பருத்த துண்டுகளில் மேற்பரப்பு காய்ந்து உள்ளே ஈரம் தங்கியிருக்கும். மீட்டரின் ஊசி ஆழமாக இறங்குவது அவசியம்.

கண் அளவின் பெரிய குறை, அது விறைப்பை அறியாது என்பது. அதற்கு எளிய துணை இருக்கிறது. 100-க்கு 50 மி.மீ. துண்டைத் தட்டையாக, 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு தாங்கிகளின் மேல் வையுங்கள். நடுவில் 50 கிலோ எடையைத் தொங்கவிட்டு, எடைக்கு முன்னைவிட நடுப்பகுதி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். 8 மி.மீ. தொய்ந்தால் மீட்சிக் குணகம் சுமார் 9,800 நியூட்டன்/ச.மி.மீ. 6.2 மி.மீ. என்றால் சுமார் 12,600. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 883 மர இனங்களை ஏ, பி, சி என மூன்று குழுக்களாகப் பிரிக்கும் எல்லைகள் இந்த இரண்டு எண்களே. அந்தக் குழுக்கள் இனத்தின் சராசரிக்கானவை, தனித்துண்டுக்கு முத்திரை குத்த உதவாது. ஆனால் குவியலில் ஒரு துண்டு மட்டும் 11 மி.மீ. தொய்ந்தால் அதை உத்தரமாக்க வேண்டாம் என்று முடிவெடுக்க இது போதும். அளவு மாறினால் கணக்கும் மாறும் என்பதை மறக்க வேண்டாம்: பருமன் பாதியானால் தொய்வு எட்டு மடங்கு.

என் சாய்வுக்கு எல்லை உண்டு. நான் பார்த்தது கைமரங்களும் நடுத்தர உத்தரங்களும்தான். தாங்கிகளுக்கு இடையே நீண்ட தூரம் செல்லும் உத்தரங்களுக்கும், பல மாடிக் கட்டடங்களுக்கும், ஒட்டிச் சேர்த்த பலகை உத்தரங்களுக்கும் இயந்திரத் தரத்தையும் பொறியாளரின் கணக்கையுமே நாட வேண்டும். ஒரே இனத்தைத் தொடர்ந்து அறுத்து விற்கும் ஆலைக்கும் இயந்திரமே ஏற்றது. கண் அளவிலும் இருவர் ஒரே துண்டுக்கு இருவேறு தரம் போடுவதுண்டு. எழுதி வைத்த விதியும் அளவுகோலும் கையில் இல்லாமல் வெறும் அனுபவத்தால் பார்ப்பதை நான் தரம் பிரித்தலாகவே கொள்வதில்லை.

வலிமைத் தரம் மரத்தின் ஆயுளைச் சொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் தரத் துண்டிலும் வெளிறு (பட்டையை ஒட்டிய வெளிர்ந்த பகுதி) அதிகமிருந்தால் உளுவண்டு அதைத் தேடி வரும். வைரம் பாய்ந்த பகுதி எவ்வளவு என்பதைத் தனியாகக் குறித்துக்கொண்டு, வெளிறு உள்ளதைப் பதப்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும்.

ஒவ்வொரு துண்டின் முனையிலும் இனம், தரம், ஈரப்பதம், மேலே வர வேண்டிய விளிம்பு ஆகியவற்றை அழியாத மையில் எழுதிவிடுங்கள். நீளவாக்கில் வாள் பட்ட துண்டில் அந்த எழுத்தை அடித்துவிட்டு, மறுபடி பார்த்த பிறகே புதிதாக எழுத வேண்டும். இதைத் தச்சரிடம் வேலை தொடங்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.