பழைய பொம்மை ரயிலின் விளக்குகளுக்கு ஒரு 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ்

1950களில் அமெரிக்காவில் விற்பனையான லயனல் நிறுவனப் பொம்மை ரயில்களின் மின்மாற்றி அந்நாட்டு 120 வோல்ட்டுக்கானது என்பதால், நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும். தண்டவாளத்திலிருந்தே பொம்மை நிலையத்தின் விளக்குகளுக்கும் இணைப்பு கொடுத்தால், வண்டியின் வேகத்தைக் குறைக்க மின்னழுத்தத்தைக் குறைக்கும்போதெல்லாம் அவையும் மங்கும். ஆகவே விளக்குகளுக்கென்றே நாகர்கோவில் வடசேரியில் ஒரு கடையில் 12 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தைக் குறைந்த, நிலையான டிசி மின்னழுத்தமாக மாற்றித் தரும் கருவி) வாங்கினேன். 14 வோல்ட் இழை பல்புகள் இதில் சற்று மஞ்சளாக எரிந்தாலும், சூடு குறைவதால் நெடுநாள் உழைக்கும். பொம்மை நிலையத்தின் பழைய தகரக் கூரையின் வண்ணப்பூச்சும் உரியாது. கடைக்கார அண்ணாச்சி பல்புகளை மாட்டி, மீட்டரில் அளந்து காட்டிய பிறகே கையில் கொடுத்தார். அந்தப் பொறுப்பு மிகவும் பிடித்தது. எஸ்எம்பிஎஸ்ஸில் கம்பிகளை இணைக்கும் முனைகளின் மூடி மட்டும் தளர்வாக உள்ளது. குழந்தைகள் நடமாடும் கூடத்தில் இதைக் காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்து, விளக்குகளுக்குப் பிரியும் ஒவ்வொரு கம்பிக் கிளைக்கும் ஃபியூஸ் போட்டே பயன்படுத்த வேண்டும்.